அதே நபர், வேறு நபர்

சண்முகவடிவு தன் மகளைப் பற்றிக் கம்ப்யூட்டரிடம் "வேறு நபர்" என்று சொன்னதற்கு மறுநாள் காலையில், அந்த மகள் ஆறு வயசுப் பிள்ளையாக, இரட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும், முன்பல் விழுந்த வாயும், முகம் நிறைந்த பவுடருமாக அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, தோசைக்குச் சீனி வை" என்று கேட்டாள். வடிவு தோசைக்கரண்டியைக் கீழே போடவுமில்லை, கூப்பாடு போடவுமில்லை. கல்லில் கிடந்ததைத் திருப்பிப் போட்டு, வேகட்டும் என்று நின்று, எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுச் சீனி டப்பாவைத் தேடினாள். அந்த வீட்டில் தோசைக்குச் சீனி கேட்க ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்ததால் டப்பா மேல்தட்டுக்குப் போயிருந்தது, முக்காலி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் அவளுக்கு இருந்த ஒரே கவலை சீனியில் எறும்பு ஏறியிருக்குமோ என்பதுதான்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த அந்த எட்டுவீட்டு வளவில் பிறகு ரொம்ப நாள் பேசினார்கள். போட்டோ கேட்டது தரகர் நல்லபெருமாள், அதனால் அவர்தான் என்றார்கள் சிலர். மகள் உலகம்மை கல்யாணத்தை நிறுத்தின கதைதான் தென்காசி முழுக்கத் தெரியுமே. பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் முடித்த பிறகு, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வந்து இறங்கினாள். இடுப்புவரை கிடந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். நிச்சயத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிச் சுரண்டைக்குப் போய், மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்படி என்னடி குறை கண்டாய் என்று வடிவு அழுது கேட்டதற்கு, "அவங்கள்ட்ட ஒரு குறையும் இல்லம்மா. உன்ன மாதிரி ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்" என்றாள்.

அந்தச் சொல்லில் வடிவு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் வாழ்க்கைக்கு என்ன கேடு வந்தது? மின்வாரியத்து வேலை, குடிக்காத மனுஷன், சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்த மனுஷன், காமிரா வாங்கிப் பெண்டாட்டி பிள்ளையை வாசலில் நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்த மனுஷன். அந்தச் சங்கரலிங்கம் மூன்று வருஷம் முன்னால் கண்ணை மூடுகிறவரை இந்த வீட்டில் ஒரு நாள் உலை வைக்கப் பிந்தியதில்லை. அப்பேர்ப்பட்ட வாழ்க்கை இவளுக்கு வேண்டாமாம். அதிலிருந்து மகள் போன் செய்தால் வடிவு எடுப்பதில்லை. கொஞ்ச நாளில் மகளும் போன் செய்வதை விட்டுவிட்டாள்.

ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? மகளுக்குத் தெரியாமல் நல்லபெருமாளைக் கூப்பிட்டு இன்னொரு இடம் பார்க்கச் சொன்னாள். அவரும் கடையநல்லூரில் ஒரு பையன் இருக்கிறான் என்றார், முடி வெட்டுவதற்கு முந்தின போட்டோவாகச் சேலை கட்டி எடுத்தது ஒன்று வேண்டும் என்றார். போட்டோக்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்ததே உலகுதான். சண்டைக்கு முந்தின தீபாவளி லீவில் வந்தவள், அப்பா எடுத்த படங்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கிறவரை ஒன்றொன்றாக ஸ்கேன் போட்டு உள்ளே ஏற்றி, அம்மாவுக்காக அதைத் தமிழுக்கும் மாற்றி, பொழுது போகாதபோது பார் என்று எங்கே அமுக்க வேண்டும், எங்கே அமுக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். வடிவு முறுக்குக்கு மாவு பிசைந்த கையோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், காதில் ஒன்றும் ஏறவில்லை.

இப்போது திறந்தாள். திறந்தது, அதோடு சரி. இடது ஓரத்தில் 'நூலகம்' என்று போட்டிருந்தது, அமுக்கினால் புத்தகம் ஒன்றையும் காணோம். 'ஆல்பங்கள்' என்று போட்டிருந்தது, அமுக்கினால் உள்ளே வெறுமையாக இருந்தது. எதையோ தொடப்போய் 'நினைவுகள்' என்று ஒன்று தானாகக் கிளம்பி, சங்கரலிங்கத்தின் பதினாறாம் நாள் பந்தியில் எடுத்த படங்களைத் துள்ளலான ஒரு பாட்டோடு வரிசையாக ஓடவிட்டது, அதை நிறுத்தத் தெரியாமல் வடிவு பாட்டு முடிகிறவரை கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருந்தாள். தேதிவாரியாகத் தேடலாம் என்று போனால் அங்கே அதைவிடக் கூத்து. ஸ்கேன் போட்ட நாள்தான் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நாள். வடிவு கழுத்தில் தாலி ஏறியதும், உலகு பிறந்ததும், உலகு காலில் ஆணி குத்திக் கட்டுப் போட்டு நின்றதும், சடங்கான பிள்ளையை உட்காரவைத்ததும், மனுஷன் ரிட்டயர் ஆகி மாலையும் கழுத்துமாக நின்றதும் எல்லாம் போன தீபாவளியை ஒட்டிய அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடந்ததாக அது அடுக்கி வைத்திருந்தது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது, அதற்கு அப்படித்தானே சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் 'நபர்கள்' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். வட்டம் வட்டமாக முகங்கள் இருந்தன. தெய்வானை மதினி ஒரு வட்டத்தில், கோயில் நந்தி ஒரு வட்டத்தில், பால்பவுடர் டப்பாவில் இருந்த குழந்தைகூட ஒரு வட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் எதையும் அமுக்காமலே திரையில் இரண்டு முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்று, திருநெல்வேலிப் பொருட்காட்சிக்குப் போகிறதற்காகப் பவுடர் போட்டு, ரிப்பன் கட்டி, வாசல் நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்ற ஆறு வயசு உலகு. இன்னொன்று, சண்டைக்குப் பிறகு பெங்களூரில் எடுத்து, தானாக இதிலும் வந்து ஏறியிருந்த, முடி வெட்டிய உலகு. கீழே கேட்டிருந்தது: "இவர்கள் இருவரும் ஒரே நபரா?" அதற்கும் கீழே மூன்று கட்டங்கள் இருந்தன. அதே நபர். வேறு நபர். தெரியவில்லை.

வடிவு அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை மாசத்தில் எத்தனை பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள், எத்தனை பேர் புத்தி சொன்னார்கள், எத்தனை பேர் வளர்ப்பு சரியில்லை என்று ஜாடையாகச் சொல்லிவிட்டுக் காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்கள், ஆனால் உனக்கு எப்படியிருக்கிறது, இவள் உன் பிள்ளையாகத் தெரிகிறாளா என்று ஒருத்தர் கேட்டதில்லை. இது கேட்டுவிட்டது. "இவ வேற" என்று வாய்விட்டே சொல்லி, வேறு நபர் என்பதை அமுக்கினாள். நன்றி என்று போட்டது கம்ப்யூட்டர். உடனே அடுத்த ஜோடியைக் கொண்டுவந்து காட்டியது, அதற்கும் அமுக்கினாள், அடுத்ததற்கும் அமுக்கினாள், ஒவ்வொன்றுக்கும் அது நன்றி சொன்னது, ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு நெஞ்சில் கிடந்த கல்லில் கொஞ்சம் கரைந்ததுபோல இருந்தது. முடிந்ததும் இரண்டு வட்டத்துக்கும் பெயர் கேட்டது. சின்னதற்கு உலகு என்று எழுத்துத் தேடித் தேடி அடித்தாள். பெரியதற்கு ஒன்றும் அடிக்காமல் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள், நன்றாகத் தூங்கினாள்.

எட்டுவீட்டு வளவுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது, அதுவும் காலையில், அதுவும் தண்ணீர் வருகிற நேரத்தில் கிடையவே கிடையாது. வாயெல்லாம் சீனியோடு பிள்ளை முற்றத்துக் குழாயடிக்கு வந்ததும், பக்கத்து வீட்டுத் தெய்வானை மதினி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தாள். "உலகால்லா? சின்னதா ஆயிட்டாளே" என்றாள், ஹோஸை மிதிக்காமல் தள்ளி நிற்கச் சொன்னாள். அன்றைக்கே தன் பேத்தியின் பழைய கவுன் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மோட்டார் போடுகிற பொறுப்பில் இருந்த பேச்சிமுத்து அண்ணாச்சிதான் கொஞ்சம் யோசித்தார், வீட்டுக்கு ஒரு தலை கூடினால் தண்ணீரும் கூடுமா என்பது அவர் பிரச்சினை, சின்னத் தலைதானே, அரைக்குடம் கூடப் பிடித்துக்கொள் என்று பெருந்தன்மையாக முடித்துவிட்டு, வளவு வாட்ஸ்அப் குழுவில், "நமது வளவில் வடிவு அவர்களின் மகள் மீண்டும் சிறுபிள்ளையாக வந்துள்ளார். தெருவில் லாரி போவதால் கேட்டை எல்லோரும் மூடி வைக்கவும்" என்று போட்டார். எல்லோரும் கும்பிடு போட்டார்கள். கேட்டும் மூடியே இருந்தது.

கடைசி வீட்டு எஸ்தர் டீச்சர் பிள்ளையைத் தன் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பெரிய டீச்சர் பிறப்புச் சான்றிதழை வாங்கி வருஷத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி வருஷத்தைப் பார்த்தார், "எப்பவும் இந்த ஆபீஸ்காரங்க இப்படித்தான் தப்பா அடிச்சிருவாங்க" என்று சலித்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் போட்டார். மூன்றாவது வீட்டுக்காரி மட்டும் கல்யாணத்தன்றைக்கு எடுத்த புருஷன் படத்தையும் இப்போதைய புருஷன் படத்தையும் எடுத்துக்கொண்டு வடிவு வீட்டுக்கு வந்தாள். நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேடி வந்ததும் எழுந்து போய்விட்டாள்.

வடிவுக்கு அந்த நாட்கள் போனதே தெரியவில்லை. குளிப்பாட்டினாள், சடை போட்டாள், ஊட்டினாள். ஆனால் வரவர ஒன்றிரண்டு கவனித்தாள். எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டினாலும் பவுடர் போகவில்லை. நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பல் முளைக்கவில்லை. எத்தனை தோசை தின்றாலும் இடுப்புச் சதை கூடவில்லை, தூக்கினால் என்றைக்கும் அதே கனம். எல்லாவற்றுக்கும் மேலே, சாயந்தர வெயில் சரிந்து முற்றத்தில் விழுந்ததும், விளையாடுகிற பிள்ளை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து, வாசப்படியில் ஏறி, நிலையில் ஒரு கையை வைத்து, படத்தில் நின்ற அதே மாதிரி நின்றுகொண்டு கேட்கும்.

"அப்பா வந்தாச்சாம்மா? பொருட்காட்சிக்குப் போகணும்லா?"

முதல் நாள் வடிவால் வேறு என்ன சொல்ல முடியும், "வருவாக" என்றாள். டெல்லி அப்பளம் வாங்கித் தருவியா என்று பிள்ளை கேட்டது, வாங்கித் தாரேன் என்றாள். பிள்ளை அதை அப்படியே நம்பிக்கொண்டு, இருட்டுகிறவரை தெருவைப் பார்த்து நின்றுவிட்டு, நின்றபடியே தூங்கி விழுந்தது. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. வடிவும் தினமும் வருவாக, வருவாக என்றே சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். பவுடர் போட்டுக் கிளம்பி நிற்கிற பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு பொருட்காட்சியும் இல்லை, கூட்டிப்போக வேண்டிய ஆளும் இல்லை. அதற்கு அவள் என்ன செய்ய முடியும்?

இதற்கு நடுவில் நல்லபெருமாள் வந்தார். போட்டோ என்னாயிற்று என்றார். பிள்ளை கூடத்தில் ஒரு ஓரமாகக் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு காகிதத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தது. வடிவு இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினாள். போட்டோவும் கிடையாது, மாப்பிள்ளையும் வேண்டாம் என்றாள்; மானத்தை வாங்கினவள், பெற்றவள் வாழ்ந்த வாழ்க்கையைக் கேவலம் என்றவள், அவளைத் தலைமுழுகியாகிவிட்டது என்றாள்; பிள்ளை நிமிர்ந்து பார்த்ததையும் பொருட்படுத்தாமல், "முடியை வெட்டிக்கிட்டு நிக்காளே, அவ என் வயித்துல பொறக்கவே இல்ல அண்ணாச்சி. இந்தா இருக்கே, இதுதான் என் பிள்ளை" என்றாள். நல்லபெருமாள் பிள்ளையைப் பார்த்தார், இது கல்யாணத்துக்கு ஆக இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கே என்று கணக்குப் போட்டார், கடையநல்லூர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னார். அந்தப் பெரிய பிள்ளையிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று அது வாயாலேயே சொல்லிவிட்டால் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். சரி, கேட்டுத் தொலைப்போம் என்று வடிவு போன் போட்டாள். உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. சின்னவள் குரலைப் பெரியவள் கேட்கட்டும், நீ இல்லாமலே எனக்குப் பிள்ளை இருக்கிறாள் பார் என்று காட்ட வேண்டும்.

மணி அடித்தது, எடுத்தாள். உலகு குரல்தான், ஆனால் அந்தப் பேச்சில் தென்காசி இல்லை.

"ஹலோ, யார் பேசுறீங்க?"

அம்மா பேசுதேன் என்றாள் வடிவு. அந்தப் பக்கம் இருந்தவள், "எந்த ஊர்லருந்து பேசுறீங்க?" என்று கேட்டாள். தென்காசி என்றதற்கு, தான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை, நம்பர் மாறியிருக்கும் என்றாள். கோபத்தில் சொன்னால் வடிவுக்குத் தெரியும், நடிப்பு என்றாலும் தெரியும்; பெற்றவளுக்கு அது தெரியாதா? அதில் கோபமும் இல்லை, நடிப்பும் இல்லை, வழி தெரியாத மனுஷிக்கு வழி சொல்கிற பொறுமைதான் இருந்தது. "பதறாதீங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட போனைக் குடுங்க, சரியான நம்பரைப் பார்த்துப் போட்டுத் தரச் சொல்றேன்" என்றாள். வடிவு போனைக் கொடுக்கவில்லை, வைக்கவுமில்லை. கையில் பிடித்தபடி நின்றாள். பெற்றவளிடம் இத்தனை மரியாதையாக எந்த மகளும் பேசமாட்டாள். திட்டு, சண்டை போடு, உன்ன மாதிரி வாழ்க்கை வேண்டாம் என்று இன்னும் ஆயிரம் தடவை சொல் என்று அவளுக்குக் கதற வேண்டும்போல இருந்தது. அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை இங்கே இருக்கிறவரை அந்தப் பிள்ளைக்கு அம்மாவும் கிடையாது, ஊரும் கிடையாது, சீனித் தோசையும் கிடையாது. வடிவு அமுக்கின ஒரு கட்டம் அங்கே ஒரு மனுஷியை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அந்தக் கேள்வி வரவில்லை. நூலகத்தில் தேடினாள், ஆல்பத்தில் தேடினாள், நினைவுகளில் தேடினாள். மறுபடியும் பதினாறாம் நாள் பந்தி பாட்டோடு ஓடியது, மறுபடியும் நிறுத்தத் தெரியவில்லை. சங்கதி தெரிந்து வளவே வந்து கூடத்தில் நின்றது. பேச்சிமுத்து அண்ணாச்சி மோட்டார் ரூமைப் பூட்டாமலே வந்துவிட்டார். ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டி, இங்கே அமுக்கு, இல்லை அங்கே அமுக்கு என்றார்கள். குப்பைத்தொட்டி மாதிரி ஒரு படம் இருந்தது, அதற்குள் கிடக்குமோ என்று பார்த்தார்கள், காலியாக இருந்தது. உதவி என்று ஒரு எண் இருந்தது, அதற்குப் போன் போட்டால் ஒரு பொம்பளைக் குரல் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சொல்லிவிட்டு வீணை வாசிக்க ஆரம்பித்தது. யாரோ எதையோ தொட்டதில் எல்லாம் இங்கிலீஷாக மாறிப்போய், திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரவே பொழுது போயிற்று. வடிவு ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். எல்லோருக்கும் அவள்மேல் பாசம் இருந்தது, ஒருத்தருக்கும் வழி தெரியவில்லை.

வழியைக் கண்டுபிடித்தது எஸ்தர் டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் அங்கே இங்கே கேட்டுப் படித்துக்கொண்டு வந்து, வடிவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சின்ன வட்டத்துக்கு வைத்த பெயரையே பெரிய வட்டத்துக்கும் வைத்தால், ஒரே நபரா என்று அது மறுபடியும் கேட்குமாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுமாம். "ஒன்னாயிட்டா இங்க இருக்கது இங்கயே இருக்குமான்னு எனக்குத் தெரியாது வடிவக்கா" என்றார்.

விஷயம் வளவுக்குத் தெரிந்து, தண்ணீர் பிடித்து முடிந்ததும் குழாயடியில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். கையில் இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எங்கேயோ இருக்கிறதைப் பிடிக்கப்போகிறாளா என்று தெய்வானை மதினி அழுதாள். பேச்சிமுத்து அண்ணாச்சி, அங்கே ஒரு உசுரு அநாதையாக நிற்கிறதே என்றார், பிறகு அவரே இதுவும் உசுருதானே என்றார். மூன்றாவது வீட்டுக்காரி இரண்டுக்கும் நடுவில் ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று கேட்டாள். இதில் நாம் சொல்ல என்ன இருக்கிறது, பெற்றவள் பாடு என்று குடங்களை எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். வடிவு தனியாக நின்றாள். நாளைக்குச் செய்வோம் என்று தள்ளினாள், மறுநாளும் நாளைக்கு என்று தள்ளினாள், ஒவ்வொரு சாயந்தரமும் பிள்ளை வாசப்படியில் வந்து நின்றது, ஒவ்வொரு சாயந்தரமும் வடிவு வருவாக என்று சொன்னாள்.

கடைசியில் ஒரு மத்தியானம், பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்திருக்கும்போதே கம்ப்யூட்டரைத் திறந்து நபர்களுக்குப் போனாள். இப்போது அந்த இடத்துக்குப் போக வழி தெரிந்திருந்தது. பெயர் இல்லாத வட்டத்தைப் பிள்ளை விரலால் தொட்டது.

"யாரும்மா இந்த அக்கா? கிராப்பு நல்லாருக்கு. இவளுக்கு யாரு சடை போடுவா?"

"அவளுக்குச் சடை வேண்டாமாம்."

பிள்ளை யோசித்தது. "அப்ப அவ அம்மா காலைல என்ன செய்வா?"

வடிவு பிள்ளையை இறக்கித் தரையில் உட்காரவைத்து, இருந்த சடையைப் பிரித்து, எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, முதலில் இருந்து இரண்டு சடையும் பின்னினாள். இறுக்காதம்மா என்று பிள்ளை தலையை இழுத்தது. இழுக்க இழுக்கப் பிடித்துப் பின்னி, ரிப்பனைப் பூவாக முடிந்துவிட்டு, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து, பெரிய வட்டத்துக்குக் கீழே எழுத்தைத் தேடி அடித்தாள். உ. ல. கு. உடனே அந்த இரண்டு முகங்களும் வந்து நின்றன, கேள்வி வந்தது, மூன்று கட்டங்களும் வந்தன. தெரியவில்லை என்ற கட்டத்தைத்தான் அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் அவள் பதில் அதுதான். ஆனால் அதை அமுக்கினால் அங்கே இருப்பவள் அப்படியேதான் நிற்பாள். அதே நபர் என்பதை அமுக்கினாள். நன்றி என்று போட்டது. திரும்பிப் பார்த்தபோது தரையில் சீப்பு மட்டும் கிடந்தது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அவள் அதைக் கழுவவில்லை.

சாயந்தரம், சரியாக வெயில் சரிகிற நேரத்துக்குப் போன் அடித்தது.

"அம்மா."

உலகுதான், தென்காசிப் பேச்சுதான்.

"நான் அங்கதாம்மா இருந்தேன். நீ தரகர்ட்ட சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். காயிதம் வெட்டிட்டு இருந்தேன்லா? உன் வயித்துல பொறக்கவே இல்லைன்னியே."

"ஆமாட்டி, சொன்னேன்" என்றாள் வடிவு. இல்லை என்று சொல்ல வழியில்லை.

"அப்பாவ சுடுகாட்டுக்கு எடுக்கும்போது நானும் கூடத்தானே நின்னேன்? போனவுக வரமாட்டாகன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நீ வருவாக வருவாகன்னு சொல்லச் சொல்ல, தினமும் நம்பிட்டு நின்னேம்மா. கால் வலிக்க வலிக்க நின்னேன்."

வடிவு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். போனை வைத்துவிட்டாளோ என்று பயந்து, உலகு, உலகு என்று கூப்பிட்டாள்.

"டெல்லி அப்பளம் வாங்கித் தாரேன்னு சொன்னே" என்றது குரல்.

"வாங்கித் தாரேன். சத்தியமா வாங்கித் தாரேன்."

"எங்க பொருட்காட்சி போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு." போனை வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே வடிவு வளவுக் குழுவில் கேட்டுப் போட்டாள், எங்கேயாவது பொருட்காட்சி நடக்கிறதா என்று. எட்டு வீடும் தேடியது. திருநெல்வேலியில் முடிந்து போயிற்று, குற்றாலத்தில் சீசனே போயிற்று, மதுரையில் இனிமேல்தான். மழைக்காலத்தில் எவன் கூடாரம் அடிப்பான் என்று எல்லோரும் கையை விரித்தார்கள். வடிவு பஸ் ஸ்டாண்டில் போய்ச் சுவரொட்டி சுவரொட்டியாகப் பார்த்துவிட்டு வந்தாள். மழை ஓய்கிற சமயத்தில் பேச்சிமுத்து அண்ணாச்சி யார் யாரையோ பிடித்து விசாரித்து, கோவில்பட்டியில் ஒன்று போடுகிறார்கள், ராட்டினமெல்லாம் வந்து இறங்கிவிட்டது என்று கொண்டுவந்து சொன்னார். எந்த நாள் திறக்கிறார்கள் என்று வடிவு மகளுக்கு எழுதி அனுப்பினாள். ரெண்டு டிக்கும் நீலமாயிற்று. பதில் வரவில்லை.

அந்த நாள் வந்தது. வடிவு மத்தியானமே குளித்து, சங்கரலிங்கம் கடைசியாக எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கைப்பையில் சில்லறையும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு, வெயில் சரிந்து முற்றத்தில் விழுகிற நேரத்துக்கு வாசப்படியில் வந்து நின்றாள். நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். குடத்தோடு வந்த தெய்வானை மதினி, "எங்கட்டி கிளம்பிட்டே?" என்று கேட்டாள்.

"பொருட்காட்சிக்கு மதினி. உலகு வரட்டும்னு நிக்கேன்."

"வாரேன்னு சொல்லிட்டாளா?"

வடிவு தெருவைப் பார்த்துக்கொண்டே, "வருவா" என்றாள்.

தெய்வானை மதினி குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய், அத்தனை நாளும் மூடியே கிடந்த வளவுக் கேட்டை அகலத் திறந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள்.